அவர் பெயரில் ஒரு திருத்தம்

சதாசிவத்தைப் பழிவாங்க நான் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. செய்துகொண்டிருந்த வேலையை நிறுத்தினேன், அவ்வளவுதான். கேட்பதற்குச் சப்பென்று இருக்கும். அந்த வேலை என்னவென்று அவருக்குத் தெரிந்திருந்தால் என்னிடம் இப்படி வந்து மாட்டியிருக்க மாட்டார்.

ஈப்போவில் ஒரு லோரி கம்பெனியின் சர்வர்களைப் பார்த்துக்கொள்வது என் பிழைப்பு. வீடு அதே ஊரில், சிலிபினில். பிறந்தது ஆயர் தாவார் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். ஆங்கிலத்தில் அதற்கு ஏதோ ஒரு வெள்ளைக்காரன் பெயர் உண்டு, நாங்கள் சொல்வது மணிக்கூண்டுத் தோட்டம். இப்போது அங்கே ரப்பரும் இல்லை, நாங்கள் குடியிருந்த லயமும் இல்லை. கண்ணுக்கு எட்டிய வரை செம்பனை, நடுவில் எங்கள் மாரியம்மன் கோயில். ஆட்கள் சிலிபின், லூமுட், சிங்கப்பூர் என்று திசைக்கு ஒருவராகப் போய்விட்டார்கள். ஆண்டுக்கு ஒருமுறை தீமிதிக்கு மட்டும் எல்லாரும் வந்து சேர்வார்கள்.

அந்த ஆட்களுக்காக இணையத்தில் ஒரு விக்கி கட்டினேன். யார் எந்த லயத்தில் இருந்தார்கள், யார் யாருக்குப் பிள்ளை, இப்போது எங்கே இருக்கிறார்கள், எல்லாம் அதில் இருக்கும். தோட்டத்து ஆள் யார் வேண்டுமானாலும் உள்ளே நுழைந்து எழுதலாம். எழுதியவர் பெயரும், மாற்றுவதற்கு முன் என்ன இருந்தது என்பதும் அந்தப் பக்கத்தின் வரலாற்றில் நிற்கும். கல்யாணம் பேசுகிறவர்கள் முதலில் அதைத்தான் திறந்து பார்த்தார்கள். பரிசம் போட்ட பிறகு பெண்ணும் மாப்பிள்ளையும் அண்ணன் தங்கை முறை என்று தெரியவந்தால் யாருக்கு மானக்கேடு?

கட்டுவது பெரிய காரியம் இல்லை, காப்பாற்றுவதுதான் காரியம். இந்த மாதிரி மென்பொருளில் அவ்வப்போது ஓட்டை கண்டுபிடிப்பார்கள். ஓட்டையை அடைத்த புதுப் பதிப்பை வெளியிட்டு ஊரறிய அறிவிப்பார்கள். அந்த அறிவிப்பை நாமும் படிப்போம், திருடனும் படிப்பான். யார் முந்துகிறார்களோ அவர்களுக்கு ஜெயம். ஞாயிற்றுக்கிழமை பாசாருக்குப் போய் வந்து, மீனைக் கழுவி வைத்துவிட்டு நான் உட்காருவேன். வீட்டு லேப்டாப்பில் விக்கியின் மறுபிரதி ஒன்று வைத்திருந்தேன். புதுப் பதிப்பை முதலில் அதில் ஏற்றிப் பார்ப்பேன். எங்கள் வசதிக்காக மென்பொருளில் நான் செய்த மாற்றங்கள் நிறைய. நம் ஆட்களின் அடையாளக் கார்டில் அப்பா பெயருக்கு முன்னால் ஏ/எல், ஏ/பி என்று ஒரு சாய்கோடு வருமல்லவா, எங்கள் அமைப்பில் அதைக் கண்டால் மென்பொருள் பெயரை இரண்டாக உடைத்துப் பிள்ளையைத் தனியாகவும் தகப்பனைத் தனியாகவும் வைத்துவிடும். அதற்கெல்லாம் ஒட்டுப் போட்டிருந்தேன். ஒவ்வொரு ஒட்டும் கிட் என்ற பதிவு மென்பொருளில் இருக்கும். யார் போட்டது, எப்போது, எதற்காக என்று குறிப்போடு இருக்கும். புதுப் பதிப்பு வந்தால் கிட் என் ஒட்டுகளை அதன்மேல் வரிசையாக அடுக்கித் தரும். எங்கே முட்டுகிறதோ அங்கே நின்று என்னைக் கேட்கும். எல்லாம் சரியாக வந்த பிறகுதான் சர்வருக்கு அனுப்புவேன்.

பார்க்கிறவனுக்கு இது வேலையாகவே தெரியாது. நேற்று இருந்த தளம் இன்றும் இருக்கிறது, இதில் நீ என்ன கிழித்தாய் என்றுதான் தோன்றும்.

இனி அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் மங்களம். பால்மரம் வெட்டிப் பால் எடுத்தார். இருபது ஆண்டுகளுக்கு முன்னால் தோட்டம் கைமாறியபோது, லயத்தைக் காலி செய்யச் சம்மதம் என்று ஒரு கடிதத்தை நீட்டி வீடு வீடாகக் கையெழுத்துக் கேட்டார்கள். போட்டவர்களுக்கு உடனே நஷ்ட ஈடும் மலிவு வீடும் உண்டு என்றார்கள். தொழிற்சங்கத் தலைவராக இருந்த சதாசிவம் முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டு, கடிதத்தைத் தானே கொண்டு சுற்றினார். அம்மா மறுத்தார். கோயிலை இடிக்க இயந்திரம் வந்தபோது ரப்பர்ப் பால் சுமக்கும் கித்தா வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்முன் உட்கார்ந்தார். மூன்று நாள் அங்கேயே கிடந்தார். கோயில் தப்பியது. அம்மா இறந்த பிறகு நான்தான் அவருக்கு ஒரு பக்கம் எழுதினேன். "மங்களம் கடைசிவரை கையெழுத்துப் போடவில்லை. அதனால்தான் கோயில் நிற்கிறது" என்று முதல் வரியிலேயே வைத்தேன்.

சதாசிவம் இப்போது கோயில் தலைவர். ஒருநாள் திறந்து பார்த்தால் அம்மாவின் பக்கம் இல்லை. அதன் இடத்தில் 'கோயிலைக் காத்த தலைவர்' என்று இவருடைய மாலை போட்ட படம் சிரிக்கிறது. வரலாற்றைப் பார்த்தேன், அழித்தது அவரே. போன் செய்து கேட்டதற்குக் காரணம் எதுவும் சொல்லவில்லை. அந்தப் பக்கம் வேண்டாம் பாப்பா, விட்டுவிடு என்றார். நான் மீட்டேன். அவர் அழித்தார். மறுபடி மீட்டேன், மறுபடி அழித்தார். கடைசியில் நிர்வாகக் கூட்டத்தைக் கூட்டி, தளம் கோயில் சொத்து, இனி கோகிலன் பார்த்துக்கொள்வான் என்று முடிவு செய்தார்கள். கோகிலன் அவர் மகன். சிலிபினில் ஹேண்ட்போன் கடை வைத்திருக்கிறான். போனுக்குக் கண்ணாடி ஒட்டத் தெரிந்தவனுக்குச் சர்வரும் தெரியும் என்பது எங்கள் நிர்வாகத்தின் கணக்கு.

எனக்கு வயிறு எரிந்தது. இருந்தாலும் பாஸ்வோர்டுகளை எல்லாம் கொடுத்தேன். ஓட்டை, புதுப் பதிப்பு, கிட் எல்லாவற்றையும் கூட்டத்திலேயே விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்ட சதாசிவம் எழுந்து சொன்னார்:

"கும்பாபிஷேகம் முடிஞ்சு ஒரு வருசந்தான் ஆவுது. அடுத்தது பன்னெண்டாவது வருசம் வரும்லா. அப்ப கோபுரத்துக்குச் சாயம் அடிக்கறப்ப இதையும் சேத்துப் புதுப்பிச்சிக்கலாம்."

ஆளுக்கொரு கையைத் தூக்கினார்கள். கூட்டக் குறிப்பில் தீர்மானமாகவே எழுதிக்கொண்டார்கள். சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். அந்த நிமிடத்தில்தான் இவர்களை நான் எதுவும் செய்ய வேண்டியதில்லை என்று புரிந்தது. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் போதும்.

அதற்குப் பிறகும் ஒரு தடவை கோகிலனுக்குச் செய்தி அனுப்பினேன், என் மனசாட்சிக்காக. சர்வரில் நேரடியாகக் கைவைக்காதே, எதை மாற்றினாலும் கிட்டில் பதிவு செய், இல்லாவிட்டால் அடுத்த அப்டேட் ஏறாது என்றேன். "ரிலேக்ஸ் லா அக்கா" என்று பதில் வந்தது. சரி தம்பி, ரிலேக்ஸ் ஆகிவிட்டேன். அவன் வருகையாளர் எண்ணிக்கை காட்டும் பெட்டி ஒன்றை எங்கிருந்தோ இறக்கி ஒட்டினான். அப்பா பெயர் பளிச்சென்று மின்னுவதற்காக மென்பொருளின் உள் கோப்புகளைக் கண்டபடி திருத்தினான். யார் வேண்டுமானாலும் கணக்குத் திறக்கலாம், எதை வேண்டுமானாலும் ஏற்றலாம் என்று கதவை அகலமாகத் திறந்தும் வைத்தான்.

என் மறுபிரதியை மட்டும் நான் விடவில்லை. ஞாயிறுதோறும் பாசார், மீன், அப்டேட். பெரிய ஓட்டை ஒன்றின் அறிவிப்பு வந்தபோது என் பிரதியை அன்றைக்கே அடைத்தேன். அவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. தினமும் காலையில் அலுவலகம் போனதும் கோயில் தளத்தைத் திறந்து பார்ப்பேன். ஒன்றும் ஆகாமல் இருந்தால் ஏமாற்றமாக இருக்கும். ஒரு குழந்தை நடை பழகுவதைப் பார்ப்பது மாதிரி, அது விழப்போகும் நாளை நான் அத்தனை ஆசையோடு எதிர்பார்த்தேன். கேவலம்தான், தெரியும். அந்தக் கேவலத்தில் ஒரு சுகம் இருந்தது.

இந்த ஆண்டுத் தீமிதி அழைப்பிதழில் சதாசிவம் ஒரு புதுமை செய்தார். தன் படத்துக்குக் கீழே ஒரு கியூஆர் கோடு போட்டு, ஸ்கேன் செய்தால் கோயில் வரலாறு வரும் என்று அச்சடித்தார். தோட்டத்து ஆட்கள் எல்லாருக்கும், ஆயர் தாவார் கடைக்காரர்களுக்கும், சட்டமன்ற உறுப்பினருக்கும் அழைப்பிதழ் போனது.

செய்தியை எனக்கு முதலில் சொன்னவர் எங்கள் தெருமுனையில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கும் முகமது இப்ராஹிம். தோசைக்குக் காத்திருந்தபோது அழைப்பிதழை எடுத்து வந்து, சங்கடத்தோடு குரலைத் தாழ்த்தினார்.

"தங்கச்சி, தப்பா நெனைக்காதீங்க. ஒங்க கோயில் கார்டை ஸ்கேன் பண்ணா சூதாட்டம் வருதுலா. மகன் காட்டினான். நான் அடிச்சிட்டேன் அவனை, நீ என்னத்தடா தேடுனன்னு."

நானும் ஸ்கேன் செய்தேன். கோயிலைக் காத்த தலைவரின் பக்கம் ஒரு கணம் தெரிந்தது. உடனே அது மறைந்து, பொற்காசு கொட்டும் சக்கரம் ஒன்று சுற்ற ஆரம்பித்தது. இன்றைய அதிர்ஷ்டசாலி நீங்கள்தான் என்று மலாயில் எழுதியிருந்தது. உள்ளே போய்ப் பார்த்தேன். எங்கள் குடும்பப் பக்கங்களுக்கு இடையில் சூதாட்டப் பக்கங்கள் ஆயிரக்கணக்கில் முளைத்திருந்தன. சதாசிவத்தின் பெயரைத் தேடினாலே சக்கரம்தான். இப்ராஹிம் பாய்க்கு முன்னால் முகத்தைக் கவலையாக வைத்துக்கொள்ள நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அன்றைக்கு இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன்.

கோகிலன் பதறிப்போய் அப்டேட் செய்யப் பார்த்திருக்கிறான். நீ கைவைத்த கோப்புகள் அழிந்துபோகும் என்று கிட் நிறுத்தியிருக்கிறது. அது சொல்வதைக் கேட்காமல், புதுப் பதிப்பை மொத்தமாக இறக்கிப் பழையதன்மேல் கொட்டிவிட்டான். பழையது பாதி, புதியது பாதி. வெள்ளைத் திரையைத் தவிர வேறெதுவும் வரவில்லை. சக்கரம் நின்றது, கூடவே கோயிலும் நின்றது.

தகப்பனும் மகனும் மறுநாள் மாலை சீப்புப் பழத்தோடு என் வீட்டுக்கு வந்தார்கள். கோகிலன் தலை நிமிரவில்லை. சதாசிவத்துக்கு வயதாகிவிட்டது, அதை அன்றுதான் கவனித்தேன். ஆனாலும் இரக்கம் வரவில்லை. என் பிரதி பத்திரமாக இருக்கிறது, ஒரு நாள் போதும், சரி செய்து தருகிறேன் என்றேன். இருவர் முகத்திலும் உயிர் வந்தது. அதன் பிறகு நிபந்தனையைச் சொன்னேன்.

அம்மாவின் பக்கத்தை நான் மீட்டுத் தரமாட்டேன். சதாசிவமே எழுத வேண்டும். அவருடைய பெயரில் உள்ளே நுழைந்து, அவர் விரலால் தட்டி, வரலாற்றில் என்றைக்கும் அவர் பெயரே நிற்கும்படி எழுத வேண்டும். அதுவும் காப்புக் கட்டும் நாளில், எல்லாரும் கூடியிருக்கும்போது, கோயில் மண்டபத்தில்.

அவர் வாசலில் நின்ற காடியை எடுக்கச் சொல்லி மகனை அனுப்பிவிட்டு என்னைப் பார்த்தார்.

"எழுதறேன் பாப்பா. நீ கேக்கறது நியாயந்தான். ஆனா நாம ரெண்டு பேரு மட்டும் இருக்கறப்ப எழுதறேன். சொன்னா கேளு."

"ஊரு முன்னாடி அழிச்சீங்க, தலைவரே. ஊரு முன்னாடியே எழுதுங்க" என்றேன்.

சின்ன வயதிலிருந்து அவரை மாமா என்றுதான் கூப்பிட்டு வந்தேன். தலைவரே என்றது சுருக்கென்று தைக்கட்டும் என்றுதான். தைத்தது. தலையை ஆட்டிவிட்டுப் போனார். கோழை, ஊருக்குப் பயந்து ஒளிகிறான் என்று நினைத்தேன்.

சர்வரைத் துடைத்தேன். திருடர்கள் தொட்ட எதையும் மிச்சம் வைக்காமல், கிட்டில் நான் காத்துவைத்திருந்த என் பதிப்பிலிருந்து புதிதாக ஏற்றினேன். ஒட்டுகள் ஒன்றுகூட முட்டாமல் வரிசையாக வந்து உட்கார்ந்தன. குடும்பப் பக்கங்களை என் பிரதியிலிருந்து கொண்டுவந்தேன். இடையில் ஆட்கள் உண்மையாகவே எழுதியிருந்த பிறப்பு, இறப்பு, கல்யாணங்களைத் தேடி எடுத்துச் சேர்த்தேன். அம்மாவின் பக்கத்தை மட்டும் வேண்டுமென்றே ஏற்றவில்லை. அந்த இடம் காலியாக அவருக்காகக் காத்திருக்க வேண்டும்.

காப்புக் கட்டும் ஞாயிறன்று இருளாயி பெரியம்மாவை நானே காடியில் ஏற்றிப் போனேன். அவரும் அம்மாவும் பக்கத்துப் பக்கத்து நிரையில் மரம் வெட்டியவர்கள். அம்மாவோடு சேர்ந்து கையெழுத்துப் போட மறுத்தவர்களில் அவரும் ஒருவர். கடைசிவரை மறுத்தவர்களுக்கு நஷ்ட ஈடும் கிடைக்கவில்லை, வீடும் கிடைக்கவில்லை. வழக்குப் போட்டுத் தோற்றார்கள். பெரியம்மா குடும்பம் சிலிபினில் ஒரு காடிப் பட்டறைக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் போய் விழுந்தது. அவர் கணவர் அங்கேயேதான் செத்தார். இன்றும் வாடகை வீடுதான். சதாசிவத்தின் தலை குனிவதைப் பார்க்க அவரைவிட உரிமை உள்ளவர் யார் என்று முதல் வரிசையில் உட்கார வைத்தேன்.

பூசை முடிந்து எல்லாரும் மண்டபத்துக்கு வந்தார்கள். என் லேப்டாப்பைப் பெரிய டிவியில் இணைத்திருந்தேன், எழுத்தையும் பெரிதாக்கி வைத்திருந்தேன். கடைசி வரிசையில் நிற்கிறவருக்கும் தெரிய வேண்டுமல்லவா. சதாசிவம் வந்து உட்கார்ந்தார். ஒரு விரலால் தன் பெயரைத் தட்டி உள்ளே நுழைந்தார். 'மங்களம்' என்று எழுதினார். இப்படி ஒரு பக்கம் இல்லை, உருவாக்குகிறீர்களா என்று மென்பொருள் கேட்டது. ஆமாம் என்றார். ஒவ்வோர் எழுத்தாக டிவியில் ஏறியது.

"மங்களம் மூன்று நாள் இயந்திரத்துக்கு முன்னால் உட்கார்ந்தார். இந்தக் கோயில் நிற்பது அவரால். என்னால் இல்லை. அவர் பக்கத்தை அழித்து என் படத்தைப் போட்டது என் ஆசை. அது தப்பு."

யாரோ கைதட்டினார்கள். பிறகு மண்டபமே தட்டியது. இருளாயி பெரியம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தார். எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. மூன்று ஆண்டுகளாக எரிந்த வயிறு அல்லவா. அதோடு விட்டிருக்கலாம். சதாசிவமும் அதைத்தான் கேட்டார், என் பக்கம் சாய்ந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி, இதோடு நிறுத்திக்கொள்ளட்டுமா என்று.

எனக்குப் போதவில்லை. எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன்:

"முழுசா எழுதுங்க தலைவரே. கடைசிவரைக்கும் கையெழுத்துப் போடலங்கறதையும் எழுதுங்க. நீங்க போட்டீங்க, அவங்க போடல. அதானே உண்மை?"

அவர் கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தார். அந்த ஒரு வரியை மட்டும் தன்னால் எழுத முடியாது என்றார். ஏன், உண்மையை எழுதக் கை வரவில்லையா என்று கேட்டேன். பின்னால் சிலர் சிரித்தார்கள். அவர் என்னை ஒரு தடவை பார்த்தார். கோபமே இல்லாத பார்வை அது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு மறுபடி தட்ட ஆரம்பித்தார்.

"நான்காம் நாள் சாயங்காலம் மங்களம் என் வீட்டுப் பின்வாசல் வழியாக வந்து கையெழுத்துப் போட்டார். மகளைக் காலேஜில் சேர்க்க வேண்டும், வீடு வேண்டாம், பணம் மட்டும் உடனே வேண்டும் என்றார். யாருக்கும் தெரியக்கூடாது, முக்கியமாக மகளுக்குத் தெரியக்கூடாது என்று கேட்டுக்கொண்டார். இன்றுவரை நான் யாரிடமும் சொல்லவில்லை. பொய்யான பக்கத்தை விட்டுவைக்கவும் மனம் வரவில்லை, உண்மையைச் சொல்லவும் வாய் வரவில்லை."

பொய் என்று கத்த வாயைத் திறந்தேன். அதற்குள் ஈப்போ பாலிடெக்னிக்கில் விடுதிக்குப் பணம் கட்டிய நாள் நினைவுக்கு வந்தது. அம்மா ரவிக்கைக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்தார், எல்லாம் புது நோட்டு. லயத்தில் ஒருவர் கையிலும் காசு இல்லாத நாட்கள் அவை, கையெழுத்துப் போட்டவர்களைத் தவிர. எங்கிருந்து வந்தது என்று அன்றைக்கு நான் கேட்கவில்லை. அதற்குப் பிறகு இருந்த இத்தனை ஆண்டுகளிலும் கேட்கவில்லை.

இருளாயி பெரியம்மா தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரை படித்தவர். எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். அவர் உதடு அசைவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பெரிதாக்கி வைத்திருந்த எழுத்து அவருக்கு நன்றாகவே தெரிந்தது. கடைசி வரிக்கு வந்து முடித்துவிட்டு, திரும்ப முதலிலிருந்து படித்தார். பிறகு யாரிடம் என்று இல்லாமல் பேசினார்.

"மங்களம் போடல, நானும் போடமாட்டேன்னு லயம் லயமா சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். எங்க வீட்டுக்காரரு போட்டுடலாம்டின்னு கெஞ்சினாரு. மங்களமே போடல, நமக்கு என்னான்னேன். அவ பக்கத்துல உக்காந்து கேட்டுக்கிட்டுதான் இருந்தா."

பெரியம்மா, அம்மாவுக்கு வேறு வழி இருந்திருக்காது என்று ஏதோ ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

சதாசிவம் கணினி எலியை என் பக்கம் தள்ளினார். இன்னும் சேமிக்கவில்லை, இப்போது மூடிவிட்டால் ஒன்றும் நிற்காது, வேண்டாம் என்றால் அந்த வரிகளை எடுத்துவிடுகிறேன், தனக்கு ஒன்றும் இல்லை என்றார். அவரை நான் மிக அதிகமாக வெறுத்தது அந்த நிமிடத்தில்தான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். என்னைக் காப்பாற்றப் பார்க்கிறார். என் வீட்டு வாசலில் பழத்தோடு வந்து நின்ற அன்றும் அதைத்தான் செய்ய வந்திருக்கிறார். ஊரைக் கூட்டி, டிவி வைத்து, பெரியம்மாவைக் காடியில் ஏற்றிக்கொண்டு வந்து முன்வரிசையில் உட்கார வைத்தது நான்.

பெரியம்மா என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். சேமி என்பதை அமுக்கினேன். பக்கம் பதிவாகி, வரலாற்றில் சதாசிவம் என்று அவர் பெயர் ஏறியது. நான் ஆசைப்பட்டபடியே ஏறியது.

எல்லாம் முடிந்தது என்று லேப்டாப்பை மூடப் போனேன். பெரியம்மா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"இரு. மூடாத. எனக்கும் ஒரு பக்கம் போடு."

தோட்டத்துக் குடும்பங்களை எல்லாம் ஏற்றியவள் நான். அவருக்கென்று தனியாக ஒரு பக்கம் எழுதியதில்லை. மூன்றாம் லயத்தின் பக்கத்தில் ஒரு பெயராகத்தான் இருந்தார். வீட்டுக்குப் போய் எழுதுகிறேன் பெரியம்மா, நீங்கள் சொல்லச் சொல்ல நிதானமாக எழுதுகிறேன் என்றேன்.

"வீட்டுல வேணாம். இங்கயே எழுது, எல்லாரும் பாக்கட்டும். தலைவரு பேர்ல வேணாம். உன் பேர்ல எழுது."

சதாசிவம் எழுந்து நாற்காலியை விட்டார். ஒருவரும் கலைந்து போகவில்லை. உட்கார்ந்தேன். என் பெயரில் உள்ளே நுழைந்து 'இருளாயி' என்று தட்டினேன். இப்படி ஒரு பக்கம் இல்லை, உருவாக்குகிறீர்களா என்று கேட்டது. ஆமாம் என்றேன்.

பெரியம்மா என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டு டிவியைப் பார்த்தார்.

"மங்களத்தை நம்பி வீட்டைத் தொலைச்சவளுன்னு எழுது" என்றார். "அவ போட்ட கையெழுத்துக் காசுல படிச்சவ எழுதறதுன்னு கீழ போடு."